சுமை ஏற்றினால் மட்டும் வந்த நடுக்கம்

அக்கா,

இன்று காலை மெக்கானிக் ஷெட்டில் என் பிக்கப் வண்டிக்கு வாங்கிய புது சென்டர் பேரிங்கின் அட்டைப்பெட்டியை என் கையால்தான் பிரித்தேன். புது ரப்பரின் வாசனை முகத்தில் அடித்ததும், ஒரு கணம் உங்கள் கடைக்குள் நிற்பதுபோல இருந்தது. பெட்டியை மூடிவிட்டேன். மெக்கானிக் அண்ணன், "இன்னாமா, பார்ட்டு மாறிப்போச்சா?" என்று கேட்டார். "இல்லண்ணா, சரியாத்தான் இருக்குது" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

நான்கு வருடம் கழித்து அதே பேரிங்கின் ரப்பர் மறுபடியும் கிழிந்திருந்தது. தேய்கிற பொருள்தானே, தேய்ந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் என் காலைக் குறை சொல்லவில்லை. "லோடோட கொண்டாந்திருக்கேன், ஓட்டிப் பாருங்கண்ணா" என்றதும் அவர் மறுபேச்சு இல்லாமல் ஏறி ஒரு சுற்று ஓட்டினார். இறங்கி ஜாக்கியை எடுத்தார். அரை நாளில் வேலை முடிந்துவிட்டது. முதல் தடவை இதே வேலைக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதம் நான் என்ன பாடுபட்டேன் என்பது முழுதாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லாததை எல்லாம் உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த பிக்கப் வண்டி என் பெயரில் இருந்தாலும் எனக்காக வாங்கியது இல்லை. என் கொழுந்தனுக்காக வாங்கியது. அவனுக்குச் சென்னையில் கம்பெனி வேலை கிடைத்ததும் வண்டி சேவூரில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. முகூர்த்தச் சேலைக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரம். சம்பளத்துக்கு வைத்த டிரைவர் இரண்டு பேரும் நிலைக்கவில்லை. நான் ஓட்டுகிறேன் என்றேன். சிரித்தார்கள். கற்றுக்கொண்டு லைசென்ஸோடு வந்து நின்றபோது சிரிப்பு நின்றது. ஆரணி அரிசி மில்லில் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவாசிக் கடைகளில் இறக்கிவிட்டு வருவது என் வேலை. மூன்று வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன்.

உங்களை முதலில் பார்த்தது ஒரு பின்விளக்கு பல்புக்காக வந்தபோது. எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டு, கல்லாவில் இருந்த உங்களைப் பார்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்து, "கடைல ஆம்பள யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். நீங்கள் நிமிரக்கூட இல்லை. "வண்டி மாடலு சொல்லுங்க. பார்ட்டுக்கு ஆம்பள பொம்பள கெடையாது" என்றீர்கள். அவர் மாடலைச் சொன்னார். நீங்கள் பின்னால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அந்தப் பெட்டியை எடுத்து வைத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இறந்தபின் அந்த உதிரிபாகக் கடையை மூடச்சொன்ன உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அதே பதிலைத்தான் வேறு வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான்கு வருடத்துக்கு முன், ஆடி மாதத்தில் நடுக்கம் வந்தது.

மில் வாசலில் நாற்பது மூட்டை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் கிளம்பினேன். வண்டி நகர்ந்ததும் சீட்டுக்குக் கீழேயிருந்து ஓர் அதிர்வு. பவர்லூம் ஓடுகிற ஷெட்டுக்குள் போனால் உள்ளங்காலில் ஏறுமே, அந்த மாதிரி. ஆனால் அதைவிட முரடு. கதவு, கண்ணாடி எல்லாம் கடகடத்தன. வேகம் இருபதைத் தாண்டியதும் அதிர்வு சட்டென்று நின்றுவிட்டது. வந்தவாசி போகும்வரை ஒன்றும் இல்லை. ஏதோ கல்லில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வேகத்தடையில் நின்று கிளம்பும்போது மறுபடியும் வந்தது. அதற்கடுத்த வேகத்தடையிலும் வந்தது.

அதன்பிறகு எனக்கு ஓட்டுவதில் பயம் இல்லை, நிற்பதில்தான் பயம். நின்றால் கிளம்ப வேண்டுமே. ஆரணியிலிருந்து வந்தவாசிக்கு எத்தனை வேகத்தடை, எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாலையைக் கடப்பார்கள், எங்கே பஸ் மறிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. வழியில் டீ குடிப்பதை நிறுத்தினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூட்டையை எல்லாம் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, மரியாதையாகக் கொண்டுபோனேன். அவர் ஒரு சுற்று ஓட்டினார். "ஒண்ணும் தெர்லியேம்மா" என்றவர், என் காலைப் பார்த்தார். "நீங்க கிளட்ச் மேலயே கால வச்சிகினு ஓட்டுவீங்க. லேடீஸ் எல்லாருமே அப்டித்தான். பிளேட்டு தேஞ்சிருக்கும்." கிளட்ச் பிளேட் மாற்றினார். மறுநாள் மில் வாசலில் அதே கடகடப்பு.

அந்தச் சமயம் பார்த்துக் கொழுந்தன் சென்னையிலிருந்து திரும்பி வந்தான். அவன் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். வந்த மறுநாளே வண்டியை எடுத்துச் சேவூரைச் சுற்றிவிட்டு வந்து சாவியை என்னிடம் கொடுத்தான். "இன்னா அண்ணி, வெண்ண மாதிரி வழுக்கிகினு போவுது. இதுக்குப் போயி பேஜார் ஆயிகினு கீறீங்களே" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே ஆடவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், இலையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாளைக்கு வண்டிய தம்பி ஓட்டட்டுமே. நீ ரெஸ்ட் எடு" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

அக்கா, மற்றவர்கள் சொன்னதுகூடப் பரவாயில்லை. நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன், அதுதான் கொடுமை. என் இடது கால் எனக்குத் தெரியாமல் கிளட்ச் மேல் ஏறி உட்காருகிறதோ? மூன்று வருடமாக அப்படித்தான் ஓட்டி வண்டியைக் கெடுத்துவிட்டேனோ? ஓட்டும்போது அடிக்கடி குனிந்து காலைப் பார்த்தேன். ஒருநாள் சேவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அப்படிக் குனிந்து நிமிர்ந்தபோது எதிரே டி.வி.எஸ்ஸில் ஒரு பெரியவர். கட்டுக்கட்டாகக் கீரை வைத்துக்கொண்டு வந்தார். ஒரு முழ இடைவெளியில் தப்பினார். அவர் திட்டக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அங்கிருந்து நேராக உங்கள் கடைக்குத்தான் வந்தேன். இன்னொரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டதற்கு, இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பராக இருக்கும் என்று சொல்லியிருந்தார்.

"இன்ஜின் மவுண்டிங் குடுங்கக்கா."

எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "எதுக்கு?"

"வண்டி ஆடுதுக்கா."

"மவுண்டிங்தான்னு யாரு பாத்தது?"

"பாக்கல. போன்ல சொன்னாரு."

பெட்டியை எடுத்துத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டீர்கள். "விக்கறதுக்குத்தான் உக்காந்துகினு இருக்கேன். ஆனா இத இப்ப உனக்கு விக்க மாட்டேன். இப்டி வந்து உக்காரு."

அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எப்போது ஆடுகிறது, எந்த வேகம்வரை ஆடுகிறது. ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆடுகிறதா. கிளம்பும்போது, இருபதுவரை, சீட்டில், நின்றால் ஆடாது என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கிளட்ச்ல இருந்து கால முழுசா எடுத்தப்பறமும் ஆடுதா?"

"எடுத்துட்டேன்னுதான் நெனைக்கறேன்" என்றேன். பிறகு, "எங்காலு மேலயே எனக்கு நம்பிக்க போச்சுக்கா" என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்திருந்த ஒருவர் சங்கடப்பட்டு வெளியே போய் நின்றார்.

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. வண்டி துடைக்கிற புதுத் துணி ஒன்றைக் கிழித்து முகம் துடைக்கக் கொடுத்தீர்கள். அழுது முடிக்கும்வரை ஏதோ பில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்: "ஒங்கொழுந்தன் ஓட்னப்ப வண்டில இன்னா இருந்துச்சி?"

"ஒண்ணும் இல்ல. காலி வண்டி."

"மெக்கானிக் ஓட்னப்ப?"

"அப்பவும் காலிதான்."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "ஏண்டி, லோடோட ஓட்னவ நீ ஒருத்திதான்."

இவ்வளவுதான் விஷயம். ஒன்றரை மாதமாக ஒருவருக்கும் தோன்றாத ஒரு வரி. எனக்கும் தோன்றவில்லை, பாருங்கள். என் கால்மேல் சந்தேகம் வந்தபிறகு வேறு எதையும் யோசிக்கிற தெம்பு எனக்கு இல்லை.

மறுநாள் நாற்பது மூட்டையோடு வந்தேன். நீங்கள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நான் விட்டுவைத்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள். உள்ளங்கையை விரித்து வண்டித் தரையில் வைத்துக்கொண்டீர்கள். கோட்டை மைதானத்தை ஒட்டிய ரோட்டில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். போகிற வருகிறவர்கள் எல்லோரும் உங்களைத்தான் பார்த்தார்கள். ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "இன்னாக்கா, கடைய காலி பண்றீங்களா?" என்றார். "ஆமா, ஒன்னையும் ஏத்திகினு போறேன், வா" என்றீர்கள்.

எனக்கு நீங்கள் சொன்னது ஒன்றுதான். "கிளட்ச்ச விட்டதும் அந்தக் கால சீட்டு மேல மடக்கி வச்சிக்கோ. அப்ப காலு எங்க கீதுன்னு ஒனக்கே தெரியும். வேற எதப்பத்தியும் ரோசன பண்ணாத. பத்தடி போனா போதும்."

கிளம்பினேன். கிளட்சை விட்டேன். காலை மடக்கி சீட்மேல் வைத்தேன். வண்டி கடகடவென்று ஆடியது. என் கால் சீட்மேல், என் கண்முன்னால் இருந்தது, வண்டி ஆடிக்கொண்டிருந்தது. வண்டி ஆடியதற்காகச் சந்தோஷப்பட்டவள் ஆரணியில் அன்று நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பின்னால் நீங்கள் கேபின் கண்ணாடியைத் தட்டினீர்கள். "இங்கடி! நட்ட நடுவுல, எங்கைக்குக் கீழ!"

கொழுந்தனுக்குப் போன் செய்து வரச் சொன்னதும் நீங்கள்தான். பைக்கில் வந்தான். அவனையே ஓட்டச் சொன்னீர்கள். நான் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓட்டும்போது ஆடாமல் போய்விட்டால்? அந்தப் பத்தடி தூரத்தை வண்டி கடக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. வண்டி நின்றது. இறங்கி வந்தவன் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"அண்ணி, எனக்கும் ஆடுது" என்றான். கொஞ்சம் கழித்து, "காலி வண்டிய ஓட்டிட்டு வந்து பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க" என்றான். நல்ல பையன்தான் அக்கா, அப்போதும் இப்போதும்.

மூன்று பேருமாக மூட்டையோடு ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீளமான தண்டு இருக்கிறதே, அதை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கைக் காட்டி, "நல்லாத்தான் கீது, ஒரு கிழிசல் இல்ல" என்றார். நீங்கள் பள்ளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தீர்கள். "கீழ இருந்து பாத்தா நல்லாத்தான் கீதுங்க. ஒரு கம்பிய குடுத்து தண்ட மேல தூக்குங்க, பாப்போம்."

அவர் கம்பியை நுழைத்து நெம்பினார். பேரிங்கைச் சுற்றியிருந்த ரப்பரின் கீழ்ப்பாதி வாயைத் திறந்துகொண்டது. தண்டு அதன்மேல் படிந்து கிடந்ததால் கிழிசல் மறைந்திருந்தது. பாரத்தை இழுக்கும்போது மட்டும் தண்டு எழும்பி அடித்திருக்கிறது. வேகம் பிடித்ததும் அடங்கியிருக்கிறது. காலி வண்டியில் அது எழும்பவே இல்லை.

மெக்கானிக் அண்ணன் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். பிறகு என்னிடம், "எம்மேலதாம்மா தப்பு. லோடு இருந்துச்சான்னு கேட்டிருக்கணும். கேக்காம ஒங்க கால சொல்ட்டேன்" என்றார். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்டியே ஓட்டிகினு இருந்திருந்தா ஜாயிண்டு ஒடஞ்சி தண்டு ரோட்ல குத்தியிருக்கும். பாலத்து மேல ஆயிருந்துச்சின்னா..." என்றார். நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கடையிலிருந்தே புது பேரிங் வந்து, அன்று சாயங்காலமே மாட்டியாயிற்று. வீட்டுக்குப் போனதும் கொழுந்தன் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தான். என் வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே, "இன்னாதான் ஆச்சி?" என்று கேட்டார். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவனே முழுவதையும் சொன்னான்.

அதன்பிறகு மத்தியானம் திரும்பி வரும்போதெல்லாம் உங்கள் கடையில் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. உங்களுக்கு வேர்க்கடலை பிடிக்கும், பிடிக்காதது பட்டுச்சேலை. "ஆரணில பொறந்து பட்டு கட்டாதவ நான் ஒருத்திதான். கிரீசு பட்டா போவாது" என்பீர்கள். என் வீட்டுக்காரர் நெய்த சேலையைத் தடவிப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு தடவை, சத்தம் வருகிற வண்டியை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி, "சோம்பேறித்தனம் இல்லடி, பயம். தெறந்து பாத்தா பெருசா ஏதாச்சும் இருந்துடுமோன்னு. பாதி பேரு ஷெட்டுக்கு வராததே அதனாலதான்" என்று சொன்னீர்கள். நான் வேர்க்கடலையை உரித்தபடி தலையாட்டினேன்.

இனிமேல் எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

போன கார்த்திகை மழையின்போது, மேல்தட்டில் இருக்கிற பெட்டியை எடுத்துக் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எடுத்துக் கொடுத்தேன். "என்னக்கா, முட்டி வலியா?" என்றேன்.

"இல்லடி. ஏணி ஏறுனா தாடைல ஒரு மாதிரி இழுக்குது. நெஞ்ச அடைக்குது. வாயுதான், கேஸு."

"எப்பவுமா?"

"ஏறும்போதும் எதையாச்சும் தூக்கும்போதும்தான். செத்த உக்காந்தா போயிடுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்கக்கா என்றேன்.

ஒரு வாரம் கழித்து, டாக்டரிடம் போய் வந்ததாகச் சொன்னீர்கள். "படுக்கவச்சி ஒயர் எல்லாம் மாட்டிப் பாத்தாங்க. எல்லாம் நல்லா கீதாம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். படி ஏறினால் வருகிறது என்று அவரிடம் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்று உங்கள் முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

மார்கழியில், வாசலில் இறக்கி வைத்திருந்த ஆயில் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் இரண்டு அடி வைத்திருக்கிறீர்கள். அங்கேயே சரிந்து விழுந்ததைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தபோது நான் வந்தவாசியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். உங்களை வேலூருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். பாதி மூட்டையோடு அப்படியே கிளம்பினேன். ஆரணியைத் தாண்டுவதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்து நான் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள். லோடோடு ஒரு வேகத்தடையில் நின்று கிளம்பினேன். வண்டிக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் போயிற்று. அப்போதுதான் தோன்றியது. தூக்கும்போது வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்று நீங்கள் சொன்னதும், படுக்கவைத்துப் பார்த்தார்கள் என்று சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. வண்டியை ஓரங்கட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எதையும் லோடோடு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே அக்கா. கேட்டும் கேட்காதவள் நான். உங்களுக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் பயந்துபோய் விட்டுவிட்டீர்களா? அந்த ஸ்டூலில் உட்காரவைத்து உங்களை நான் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டும். கோபம் வருகிறது. உங்கள்மேல் பாதி, என்மேல் பாதி. எனக்குத் தெரிந்தவரை நீங்கள் பயந்துதான் போயிருந்தீர்கள். அதை நினைக்கும்போது கோபம் போய்விடுகிறது.

அன்றிலிருந்து நான் தொல்லை பிடித்தவளாக ஆகிவிட்டேன் என்கிறார்கள் வீட்டில். யாராவது வலி என்று சொல்லிவிட்டால் விடமாட்டேன். போன மாதம் என் வீட்டுக்காரர் இடது தோளைப் பிசைந்துகொண்டே தறியில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். பத்து நாளாம். எழுந்திருங்கள், வேலூருக்குப் போகலாம் என்றேன்.

"பித்து புடிச்சிச்சா ஒனக்கு? நாளெல்லாம் தறில குந்திகினு கையத் தூக்கிகினே இருந்தா தோள் வலிக்காம இன்னா பண்ணும்?"

"நடந்தா வலிக்குதா, உக்காந்தா வலிக்குதா?"

"வேல செஞ்சா வலிக்குது. போவியா!"

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. முகூர்த்தச் சேலை பாதியில் நிற்க, அவரைப் பிக்கப்பில் ஏற்றினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். "இப்டிப் பாத்தா பத்தாதுங்க, நடக்கவச்சிப் பாருங்க. வேல செய்யும்போதுதான் வலிக்குதுன்றாரு" என்றேன். அந்த டாக்டரம்மா சின்ன வயசு. கோபிக்கவில்லை. டிரெட்மில் என்கிற ஓடுகிற பட்டைமேல் என் வீட்டுக்காரரை வேட்டியை மடித்துக் கட்டச்சொல்லி நடக்கவைத்தார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோட்டை ரோட்டில் கொழுந்தன் வண்டியை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

"இதயத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. தோள்ல தசைப்பிடிப்பு. வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

"நெஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சொன்னார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "ஒருநாள் வேலையும் போச்சி. இப்ப திருப்தியா?" என்றார். திருப்தி என்றேன். அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒன்று வாங்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

பயம் என்னைவிட்டுப் போகவில்லை அக்கா. உங்களோடு சிரித்துக்கொண்டிருந்த நாட்களில்கூட அது முழுதாகப் போனதில்லை. முன்பெல்லாம் பயந்தால் வாயை மூடிக்கொள்வேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓட்டுவேன். இப்போது பயந்தால் உட்காரவைத்துக் கேட்டுவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் வரும்வரை எழுந்திருப்பதில்லை. சிலருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

அன்று வேலூரிலிருந்து திரும்பும் வழியில், கண்ணமங்கலம் தாண்டும்போது அவர் கதவோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். பத்து நாள் வலியில் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். வேகத்தடை வருகிற இடத்தில் எல்லாம் அவர் தலை இடிக்காதபடி மெதுவாக ஏற்றி இறக்கினேன். பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு ஒரே சீராக வருகிறதா என்று கேட்டேன். வந்துகொண்டிருந்தது. வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.